ஒரு வூட்டுக்கு ஒரு வாய்

பவானி: வாயத் தொறங்கண்ணே... இன்னும் பெருசா. வெத்தல போட்டீங்களா?

தில்லைநாதன்: நேத்து போட்டதும்மா.

பவானி: நேத்து போட்ட வெத்தல இன்னிக்கும் இப்பிடியா செவந்திருக்கும்?

தில்லைநாதன்: நம்ம வாயி அப்பிடி. எதையும் சீக்கிரத்துல வுடாது.

பவானி: அந்தாண்ட பைப்பு இருக்கு, நல்லா கொப்புளிச்சிட்டு வந்து இந்த சேர்ல ஒக்காருங்க. கம்பெனி புது சோடா போட்டிருக்கான். குடிச்சிப் பாத்து ருசி சொல்றதுக்குத்தான் இந்தக் கல்யாண மண்டபத்தையே எடுத்திருக்கோம். நீங்க வெத்தல வாயோட குடிச்சிட்டு, சோடா சுண்ணாம்பு மாதிரி இருக்குன்னு சொன்னா நான் என்னான்னு எழுதறது? ...அக்கா, நீங்க வாங்க. இந்தப் பக்கத்து சேர்ல. பேரு?

ஜெயராணி: ஜெயராணி.

பவானி: ஊரு?

ஜெயராணி: புவனகிரி, எங்கண்ணன் வூடு. இப்ப பண்ருட்டியில முந்திரி கம்பெனி வேல. அங்கியே ஆஸ்டல்ல தங்கிக்கிறேன். வாசல்ல வேன் நிக்கிது பாரு, புவனகிரியிலேர்ந்து பொம்பளைங்கள ஏத்திக்கினு வந்தது... அந்த வேன் டிரைவரு அருண்பாண்டியன்தான் எங்கண்ணன். பொம்பளைங்க கொறையிது, சிதம்பரத்துக்கு வந்துடுன்னு போன் பண்ணுச்சு. வந்துட்டேன்.

பவானி: நல்ல அண்ணன். அவரு கூட்டியாந்த வேன்ல பாதிப் பேருக்கு சக்கர வியாதி, மீதிப் பேரு சோடா, கலரு எதையுமே குடிக்க மாட்டாங்களாம். வெயிலுக்கு ஒதுங்க வந்திருக்காங்க. நீங்களாவது குடிப்பீங்களா?

ஜெயராணி: தெனம் ஒண்ணு. முந்திரி ஒடைக்கிற எண்ணெயும் பொகையும் தொண்டையிலயே நிக்கும், கலரு குடிச்சாத்தான் எறங்கும்.

பவானி: அப்பாடா. ...வந்துட்டீங்களாண்ணே? ஒக்காருங்க. பேரு?

தில்லைநாதன்: தில்லைநாதன். கடலூர் முதுநகரு. சிப்காட்டுல லோடு ஏத்துற வேல, காண்ட்ராக்ட்டு.

பவானி: எல்லாரும் முன்வாசல்ல வராங்க, நீங்க மட்டும் ஏன் சமையக்கட்டு வழியா வந்தீங்க?

தில்லைநாதன்: முன்னாடி வெயிலு ஜாஸ்தி.

பவானி: பின்னாடி மட்டும் நெலாவா காயிது? சரி. நீங்க ஹெவி யூசரா?

தில்லைநாதன்: ஐய்யய்யோ, அதெல்லாம் லைசென்ஸ் இல்லம்மா.

பவானி: அது வண்டி இல்லண்ணே. நெறைய குடிக்கிறவங்கள மெட்ராசு ஆபீசுல அப்பிடி சொல்லுவாங்க. ஒரு நாளைக்கி எத்தினி பாட்டிலு?

தில்லைநாதன்: கலர் பாட்டிலா... இல்ல அந்தக் கடை பாட்டிலா?

ஜெயராணி: க்கும்.

பவானி: கலருதாண்ணே. இன்னொண்ணுக்கு ஆளு தேடணும்னா நான் ஏன் மண்டபம் புடிக்கிறேன்? ரோட்டுல கயித்தக் கட்டினா போதும்.

தில்லைநாதன்: கலருன்னா ரெண்டு. லோடு எறக்கினா மூணு.

பவானி: பிரமாதம். எனக்கு இன்னும் ரெண்டே பேருதான் வேணும், ஒரு ஆம்பள, ஒரு பொம்பள. உள்ள எல்லாரும் டம்ளரு முன்னாடி ஒக்காந்திருக்காங்க, ஐசு கரையிது. ஆனா நான் எல்லாத்தையும் கேட்டுத்தான் உள்ள அனுப்புவேன். போன வாட்டி முதுநகர்ல பட்டதே போதும்.

தில்லைநாதன்: எங்க ஊர்லயா? என்னா ஆச்சி?

பவானி: ஒரு வூட்டுக்கு ஒரு ஆளுதான் எடுக்கணும். அது ரூலு. ஒரு வூட்ல ரெண்டு வாயி இருந்தா ஒரே ருசிக்குப் பழகியிருக்கும், ஒண்ணு சொல்றதத்தான் இன்னொண்ணும் சொல்லும். அங்க ஒரு புருசன் பொண்டாட்டி, யாரோ எவரோன்னு பூந்துட்டாங்க. அந்தம்மா கண்ணக் காட்டுறா, அவரு மார்க்கு போடுறாரு. அவ மூஞ்ச சுளிச்சா இவருக்குக் கசக்குது. கம்பெனிக்காரன் கண்டுபுடிச்சி மொத்தத்தையும் குப்பையில போட்டுட்டான்.

ஜெயராணி: அடப்பாவமே. உன்னைய என்னா சொன்னாங்க?

பவானி: இன்னொரு வாட்டி ஒரே வூட்டு ஆளு ரெண்டு பேரு வந்தா, வூட்டுக்குப் போயிடுன்னுட்டாங்க. இந்த வேல போச்சின்னா பழையபடி துணிக்கடைதான். பொழுதன்னிக்கும் நின்னே கெடக்கணும், ஸ்டூலு போட்டா மொதலாளி மொறைப்பான். காலு ரெண்டும் பலாக்கா மாதிரி வீங்கிடும். அதனாலதான் இப்ப யாரு வந்தாலும் புருசனா பொண்டாட்டியான்னுதான் பாக்குறேன். ...நீங்க ரெண்டு பேரும் தெரிஞ்சவங்களா?

தில்லைநாதன்: யாரு, இவங்களா? இப்பதான் பாக்குறேன்.

ஜெயராணி: நான் இன்னும் பாக்கவே இல்ல.

பவானி: சரி. இப்ப அஞ்சு கலரு பேரு படிக்கிறேன். நாலு கடையில விக்கிறது, உங்களுக்கே தெரியும். அஞ்சாவது கெடிலம் கோலா. இதுல எதெது குடிச்சிருக்கீங்க? அண்ணே, நீங்க மொதல்ல.

தில்லைநாதன்: அஞ்சும் குடிச்சிருக்கேன்.

பவானி: கெடிலம் கோலாவும்?

தில்லைநாதன்: அதுதான தெனம் குடிக்கிறது! நல்லா சுருக்குன்னு ஏறும். எங்க முதுநகரு ஓ.டி. பஸ் ஸ்டாண்டு கடையில எப்பவும் ஐசுல இருக்கும்.

பவானி: அண்ணே... அப்பிடி ஒரு கலரே ஒலகத்துல இல்ல.

தில்லைநாதன்: ...இல்லியா?

பவானி: பொய் சொல்றவங்கள புடிக்கிறதுக்கு நாங்களே வச்ச பேரு.

தில்லைநாதன்: அதான பாத்தேன். கொஞ்ச நாளா கடையில ஸ்டாக்கு வரலியேன்னு.

ஜெயராணி: நான் அப்பவே நெனச்சேன். எதக் கேட்டாலும் ஆமான்னுடுவாரும்மா இவரு. எங்க மாமா ஒருத்தரு, வானத்துல இருக்கிற சந்திரன்ல பொரோட்டா நல்லாருக்கும் இல்லியான்னு சும்மா கேட்டாரு. அதுக்கும் ஆமான்னு... தலைய...

பவானி: அக்கா.

ஜெயராணி: பொதுவா ஆம்பளைங்கள சொன்னேன்.

பவானி: உங்க மாமாவுக்கு இவரு எப்பிடிக்கா பதில் சொன்னாரு? இன்னும் பாக்கவே இல்லன்னீங்களே.

தில்லைநாதன்: அது வேற ஆளா இருக்கும்மா. நம்ம மூஞ்சி எல்லா ஊர்லயும் ஒண்ணு இருக்கும்.

பவானி: பேசாம இருங்கண்ணே. அக்கா, நெசத்த சொல்லுங்க. புருசன் பொண்டாட்டியா?

ஜெயராணி: இருந்தோம்.

பவானி: இருந்தோம்னா?

ஜெயராணி: இப்ப இல்ல. எங்கண்ணன் பிரிச்சிக் கூட்டிக்கினு போயிடுச்சு. எல்லாம் இந்த வாயாலதான்.

தில்லைநாதன்: என் வாயி என்னாடி பண்ணுச்சி?

ஜெயராணி: என்னா பண்ணுச்சா! கேளும்மா. எங்கண்ணன் ஊரெல்லாம் அலைஞ்சி கல்லும் மண்ணும் சேத்து ஒரு வூடு கட்டுச்சி. புதுவூடு குடிபோற அன்னிக்கி, ஊரே பந்தியில ஒக்காந்திருக்கு. எங்கண்ணனே பாயசத்தத் தூக்கியாந்து இவரு எலையில ஊத்தி, எப்பிடி மாப்ள இருக்குன்னுச்சு. நல்லா இருக்குன்னு சொல்லிட்டுப் போனா என்னா? எல்லாத்துக்கும் ஆமான்ற ஆளு, அன்னிக்கிப் பாத்து...

பவானி: என்னா சொன்னாரு?

ஜெயராணி: கழுநீருல வெல்லம் போட்டிருக்கு மச்சான்னாரு.

பவானி: பந்தியிலயா?

தில்லைநாதன்: பந்தியில ஊத்துனா பந்தியிலதான சொல்ல முடியும்? எலையோட ஆபீசுக்கு வந்தா சொல்றது? அடி புடிச்சிருந்துதும்மா பாயசம், அதுல பாதி தண்ணி. நீயே குடிச்சிட்டு என் தொடையக் கிள்ளுன இல்ல ராணி?

ஜெயராணி: சொல்லாதன்னு கிள்ளுனேன்யா!

தில்லைநாதன்: அத நான் ஆமாம் சொல்லுன்னு நெனச்சிட்டேன்.

ஜெயராணி: எங்கண்ணன் பாயச கரண்டியாலயே போட்டுச்சு ஒண்ணு. அன்னிக்கி என்னைய இழுத்துக்கினு போனதுதான். இனிமே இவரு மூஞ்சில முழிச்சா தங்கச்சியும் இல்ல ஒண்ணும் இல்லன்னுடுச்சி. இவரு அது கண்ணுல பட்டா காலு கையி தனித்தனியா போவும்னும் சொல்லியிருக்கு.

பவானி: அதான் சமையக்கட்டு வழியா...

தில்லைநாதன்: வெயிலும் ஜாஸ்திதாம்மா.

பவானி: இருங்க, இருங்க. எனக்கு ஒண்ணு தோணுது. இவரு கெடிலம் கோலா குடிச்சேன்னு சொன்னது பொய்யி. ஆனா ருசின்னு வந்தா கரண்டி அடி வாங்கினாலும் உள்ளதத்தான் சொல்றாரு.

ஜெயராணி: அதான் அவருக்குப் புடிச்ச சனியன்.

பவானி: எனக்கு அந்த சனியன்தாங்க்கா வேணும்! காலையிலேர்ந்து வந்ததெல்லாம், எது குடுத்தாலும் சூப்பரு மேடம், சூப்பரு மேடம். வெறுந் தண்ணி குடுத்துப் பாத்தேன், அதுக்கும் சூப்பருன்னாரு ஒருத்தரு. கம்பெனிக்காரன் பாயசம் ஊத்துற உங்கண்ணன் மாதிரிதான், நல்லா இருக்குன்னு சொன்னா சந்தோசப்படுவான். அப்புறம் சரக்கு கடையில தூங்கும்.

தில்லைநாதன்: கேட்டியா ராணி? மெட்ராசுல நம்ம வாய்க்கு மதிப்பு இருக்கு.

ஜெயராணி: வாசல்ல நிக்கிற எங்கண்ணன் பல்ல வுட்டு வைக்கிற வரைக்கும் இருக்கும்.

பவானி: ரூலு ஒரு வூட்டுக்கு ஒருத்தருன்னுதான் சொல்லுது. புருசன் பொண்டாட்டின்னு சொல்லல. இவரு முதுநகரு, நீங்க ஆஸ்டலு. வேற வேற வூடு, வேற வேற அடுப்பு. ரெண்டு பேரும் சேந்து சாப்புட்டே நாளாச்சி. அப்பிடித்தான?

தில்லைநாதன்: ஆமா.

பவானி: உங்கள நான் கேக்கலண்ணே. நீங்க எல்லாத்துக்கும் ஆமாம்பீங்க. அக்கா?

ஜெயராணி: ...ம்.

பவானி: அவ்ளோதான்! ரெண்டு பேருமே செலக்ட்டு. ஆளுக்கொரு எவர்சில்வரு தூக்கு தராங்க, போறப்ப வாங்கிக்குங்க. உள்ள அவரு ஜன்னலோரம், நீங்க மேடைக்கிட்ட. கண்ணு, கையி, இருமலு எதுவும் கூடாது. தொடையக் கிள்ளவே கூடாது.

தில்லைநாதன்: அவ்ளோ தூரத்துலேர்ந்து எட்டாதும்மா.

பவானி: அப்புறம், நாளைக்கி நாளன்னிக்கி மெட்ராசுலேர்ந்து ஒரு சாரு வருவாரு. பயப்படாதீங்க. நான் சொன்னது நெசமான்னு பாக்க வூடு வூடா கதவத் தட்டுவாரு. இங்க யாரு யாரு இருக்கீங்கன்னு கேப்பாரு, எட்டிப் பாப்பாரு, போயிடுவாரு.

ஜெயராணி: ...வூட்டுக்கே வருவாங்களா?

பவானி: உங்களுக்கு ஆஸ்டலு.

ஜெயராணி: ஆஸ்டல்ல ஆம்பளைங்கள வுட மாட்டாங்களே.

பவானி: வாச்சுமேன் கிட்ட கேட்டுக்குவாரு. ஜெயராணின்னா தெரியுமில்ல?

ஜெயராணி: வாச்சுமேன்... அவரு புதுசும்மா. தெரியாது.

பவானி: வார்டன்?

ஜெயராணி: அவங்களும் புதுசு.

தில்லைநாதன்: கட்டடமே புதுசும்மா அது.

பவானி: உங்கள கேக்கல! உங்க வூட்டுக்கும்தான் வருவாரு.

தில்லைநாதன்: வந்தா நான் ஷிப்டுல இருப்பேன். வூடு பூட்டிக் கெடக்கும். பூட்டப் பாத்துட்டுப் போவட்டும்.

ஜெயராணி: யோவ், பூட்டி என்னாய்யா? வாசல் கொடியில பொடவ காயிது...

பவானி: யாரு பொடவண்ணே?

தில்லைநாதன்: பக்கத்து வூட்ல... அவங்க கொடியில எடமில்லன்னு.

பவானி: பக்கத்து வூட்ல யாரு?

தில்லைநாதன்: ஒரு மிலிட்டிரிக்காரரு. தனியா இருக்காரு.

பவானி: மிலிட்டிரிக்காரரு பொடவ.

தில்லைநாதன்: ...ரிட்டயரு.

பவானி: அண்ணே, போதும். அக்கா, நீங்களும் ஒண்ணும் சொல்லாதீங்க. உள்ளேர்ந்து மூணு வாட்டி கூப்புட்டாங்க. நான் எதுவும் கேக்கல, எந்தப் பொடவையும் பாக்கல. போங்க ரெண்டு பேரும். வர்றது வரட்டும்... அந்த சாரு எல்லார் வூட்டுக்கும் வர மாட்டாரு. பத்துல ரெண்டு வூடுதான் பாப்பாரு. அந்த ரெண்டுல நம்ம வூடு வந்தா, துணிக்கடைக்காரன் இன்னும் சாவலன்னு நெனச்சிக்கிறேன்.

தில்லைநாதன்: அதான் இந்தத் தங்கச்சியே சொல்லுதில்ல. வா ராணி, ஐசு கரையிது.

பவானி: என்னாக்கா நிக்கிறீங்க? போங்க.

ஜெயராணி: வேணாம்மா, என் பேர அடிச்சிடு. வாசல்ல நிக்கிதேன்னு அண்ணனுக்கு பயந்துதான் இவ்ளோ பொய்யும். ஆஸ்டலும் இல்ல ஒண்ணும் இல்ல, தை மாசத்துலேர்ந்து இந்தாளு வூட்லதான் இருக்கேன். இன்னிக்கி கூட ஒரே சட்டி கஞ்சியக் குடிச்சிட்டு, ஒரே பஸ்சுல முன்ன பின்ன ஒக்காந்துதான் வந்தோம். ஒரு வூட்டுக்கு ஒரு வாயின்னா இவர வச்சிக்க, நான் போறேன்... எங்கண்ணன் கேட்டா மட்டும், உன் தங்கச்சிக்கு மூக்கடைச்சிருக்கு, ருசி தெரியல, அதான் சேக்கலன்னு சொல்லிடு.