படுத்திருந்த பூட்டு

கடையில் சோதனைக்கு வைத்திருக்கும் தொட்டித் தண்ணீரை வாரம் தவறாமல் மாற்றிவிடுவேன். பாசி படிந்தால், மாதிரிப் படகு எந்தப் பக்கம் சாய்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. இதை இன்ஸ்பெக்டர் ஐயா எழுதிக்கொள்ளலாம். நான் ஒழுங்கானவன் என்பதற்கு இது ஒரு சாட்சி.

என் பெயர் பாஸ்கல். திண்டுக்கல் மலைக்கோட்டைக்குக் கீழே பூட்டுக்கடை வைத்திருக்கிறேன். மாலை வேளைகளில் தெருமுனைக் கூட்டங்களில் பேசுவேன். எதையும் நம்பாதே, சோதித்துப் பார் என்பதே என் பேச்சின் முதலும் முடிவும். கைதட்டுவார்கள், தட்டிய கையோடு போய் மந்திரித்த கயிறு கட்டிக்கொள்வார்கள்.

கயாக் கட்டும் ஆசை எனக்கும் தோல் வியாபாரி அஸ்பாக்குக்கும் ஒன்றாகவே வந்தது. ஒருவர் மட்டும் உட்கார்ந்து துடுப்புப் போடும் ஒடுங்கிய படகு அது. மூங்கில் சட்டம் என் வேலை. அதன்மேல் தோலை இழுத்துத் தைப்பது அவன் வேலை. முதல் படகை நான் வரைந்தேன். அகலமானது, அசையாதது. வேடசந்தூருக்கு அந்தப் பக்கம் ஒரு கண்மாயில் இறக்கியபோது, "மாட்டுத் தொட்டிய மிதக்க விட்டுருக்காய்ங்கப்பு" என்று கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அஸ்பாக்கும் சிரித்தான். அதில் எனக்கு வருத்தமில்லை.

இரண்டாவதை அவன் வரைந்தான். ஒடுக்கமானது, அழகானது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். கட்டி முடிக்கும் முன்பே அதற்கு 'அஸ்பாக் படகு' என்று பெயர் விழுந்துவிட்டது. யூடியூப் சேனல்காரர் ஒருவர் படம் எடுக்க வருவதாகவும் சொல்லிவிட்டார்.

அஸ்பாக்குக்கு நீச்சல் தெரியாது. அதனால்தான் அவன் மனைவி அஃப்சானா என் கடைக்கு வந்தாள்.

"அண்ணே, அவரு நீங்க சொன்னாத்தான் கேப்பாரு. சோதிச்சுப் பாத்து நீங்க சரின்னா ஏறட்டும். இல்லாட்டி வேணாம்."

இத்தனை ஆண்டு பேசியதற்கு, சோதனை வேண்டுமென்று என்னைத் தேடி வந்த முதல் மனிதப் பிறவி அவள். மறுப்பேனா?

ஆறில் ஒரு பங்கு அளவில் மாதிரி செய்தேன். நீளம் ஆறில் ஒன்றானால் எடையும் ஆறில் ஒன்று என்று பலர் நினைப்பார்கள். அப்படியல்ல, நீளம், அகலம், உயரம் மூன்றும் சுருங்குவதால் எடை இருநூற்றுப் பதினாறில் ஒரு பங்குதான். அஸ்பாக்கின் எடைக்கு ஈடாக என் கடைப் பூட்டு ஒன்று பொருந்தி வந்தது. அதைப் படகின் நடுவில் படுக்க வைத்தேன். அலுங்காமல் மிதந்தது. கையால் அலை எழுப்பினேன். அப்போதும் மிதந்தது.

பிறகுதான் யோசித்தேன். மனிதன் படுத்துக்கொண்டு துடுப்புப் போடுவதில்லை. அவனுடைய கனம் நெஞ்சிலும் தோளிலும் இருக்கிறது. பூட்டை நிமிர்த்தி, மெழுகு வைத்து ஒட்டினேன். கையை எடுத்ததும் மாதிரி இடப்பக்கம் கவிழ்ந்தது. மீண்டும் வைத்தேன். மீண்டும் இடப்பக்கம்.

சனிக்கிழமை கணவனும் மனைவியும் பார்க்க வந்தார்கள். பூட்டைப் படுக்க வைத்துக் காட்டினேன்.

"என்னண்ணே, என்னையப் படுக்கப் போட்டுட்டீங்க?" என்றான் அஸ்பாக்.

"கடையிலயும் அப்படித்தான பாய் கெடக்குற?"

அஃப்சானா வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்ததும் அவளுடைய பயம் போய்விட்டது.

"மிதக்குதுல்லண்ணே?" என்று மட்டும் கேட்டாள்.

"மிதக்குது" என்றேன். நான் பொய் சொல்லவில்லை. அது மிதந்துகொண்டுதான் இருந்தது.

நிமிர்த்தி ஏன் காட்டவில்லை என்கிறீர்கள். காட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பிரித்து அகலமாக்கியிருப்பான். படகு மிதந்திருக்கும், அவன் பெயரிலேயே மிதந்திருக்கும். என் மாதிரி சொன்னது மெய்யா என்பது எவருக்கும் விளங்காமலே போயிருக்கும். நான் பேசிப் பேசி ஓய்ந்த ஊருக்குக் கண்ணால் காண ஒரு சான்று வேண்டாமா? அதற்குத்தான் செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கண்மாய்க் கரையில் நல்ல கூட்டம். அஸ்பாக் மிதவை ஜாக்கெட்டைக் கையில் எடுத்தான்.

"இதப் போடவாண்ணே? வெக்கையா இருக்கு."

"நேத்து அந்தப் பூட்டு ஜாக்கெட் போட்டுக்கிட்டா மிதந்துச்சு?" என்றேன்.

சிரித்துக்கொண்டே அதை அஃப்சானாவிடம் கொடுத்துவிட்டுப் படகில் ஏறினான். அவள் அதை இன்னும் கையைவிட்டுக் கீழே வைக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். வருத்தமான செய்திதான்.

எனக்கு நீச்சல் தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். நன்றாகவே தெரியும். அவன் கை தண்ணீருக்கு மேலே தெரிந்த இடம் தொலைவிலும் இல்லை. "எறங்குங்கண்ணே, எறங்குங்க" என்று அஃப்சானா என் சட்டையைப் பிடித்து இழுத்ததும், சட்டைத் தையல் விட்டதும் எனக்குத் தெரிந்தது. நான் படகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடப்பக்கம்தான் கவிழ்ந்திருந்தது.

மாட்டுத் தொட்டி என்று சிரித்தார்களே, அந்தப் படகு ஒரு நாளும் கவிழ்ந்ததில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா.