களத்துமேட்டுக்காரன்

— மொதல்ல அந்த ஜெராக்ஸ் மிஷின நிறுத்து மாப்ள. இந்தப் போட்டாவப் பாரு.

— ஓ, யாருன்னே தெரியாத அந்தக் களத்துமேட்டுக்காரன் போட்டதா! காலங்காத்தால அவன் பேஸ்புக்குலயா முழிச்சீங்க மாமா? நேத்து நீங்க பஸ்ஸுல போறப்ப கை காட்டுனேன், மூஞ்சத் திருப்பிக்கிட்டீங்க. அக்காகூட சண்டையா?

— அத அப்பறம் பேசுவோம். போட்டாவுல என்ன இருக்கு, சொல்லு.

— மக்காச்சோளம் காயுது. வெளைய வச்சவன் காஞ்சு கெடக்கான், கேக்க நாதியில்லன்னு எழுதியிருக்கான். நம்ம கட்சியத் திட்டுறதே அவனுக்குப் பொழப்பு. நீங்க சொல்லுங்க, ராசாங்கம்னு ஒங்க பேருல சூடா ஒரு பதில் அடிச்சு வுடுறேன்.

— சோளத்துக்குக் கீழ பாரு.

— பழைய பிளக்ஸ் பேனரு. நம்ம குரும்பலூரே அதுலதான காயவைக்குது.

— கவுத்துத்தான் விரிச்சிருக்க. காத்துல ஒரு மூல மடங்கிக்கிச்சு. அத பெருசு பண்ணிப் பாரு.

— ம்... பாத்தேன்.

— ஆர்த்தி சடங்குக்குத் தாய்மாமன் நீ வச்ச பிளக்ஸ்ப்பா அது. பாதி மூஞ்சி எம்பொண்ணு, பாதி மீச நீ. களத்துக்கு ஆவும்னு நீதானே சுருட்டி எடுத்துட்டுப் போன?

— எவனாவது எங்க களத்துக்கு வந்து புடிச்சிருப்பான் மாமா.

— புடிச்சவன் செருப்பும் போட்டாவுல வுழுந்திருக்கு. ஒரு வாரு நீலம், ஒரு வாரு கருப்பு. எங்க, கால வெளிய நீட்டு.

— இருங்க மாமா, ஷட்டரப் பாதி எறக்கிட்டு வரேன்.

— எறக்காத. எத்தன நாளா கலைச்செல்வா?

— பேரு சொல்லிக் கூப்புடாதீங்க மாமா. ரெண்டு வருசமா.

— ரெண்டு வருசமா நான் சொல்லச் சொல்ல, அவனுக்குப் பதில் அடிச்சதும் நீதான். நல்லாக் குடுத்தீங்க மாமாம்ப. நான் ரோட்டத் தாண்டி டீக்கடைக்குப் போறதுக்குள்ள அவன் திருப்பி எழுதியிருப்பான். ‘கொடி தூக்கித் தூக்கி ராசாங்கத்துக்குத் தோள்பட்டதான் வளந்திருக்கு, மண்ட வளரல’ன்னு எழுதுனானே, அன்னிக்கு டீக்கடையே சிரிச்சுது. அத இந்த ஸ்டூல்ல ஒக்காந்துதான் எழுதுனியா?

— வேற என்னா மாமா செய்யச் சொல்றீங்க? நேருல கேள்வி கேட்டா கட்சித் துரோகிம்பீங்க. நான் எழுதுனதுல ஒண்ணுகூடப் பொய்யில்ல, அக்கா மேல சத்தியமா.

— பொய்யின்னு நான் சொன்னனா?

— என்னா மாமா சொல்றீங்க?

— ஏரிக்கு மட கட்டுனதா கல்வெட்டு இருக்கு, மடதான் இல்லன்னு எழுதுனான். அவனப் பொய்யனாக்கிப்புடணும்னு வண்டிய எடுத்துட்டுப் போனேன். கல்வெட்டு இருந்துச்சு. தெறப்பு விழாவுல அதுக்கு மால போட்டதே நாந்தான். கரையச் சுத்திச் சுத்தி வந்தேன். மடயக் காணும். அதுலேருந்து அவன சண்டைக்குப் படிக்கல மாப்ள. எவனோ, நம்ம பயலுவ சொல்லப் பயப்புடுறத சொல்றான், நெஞ்சுல தில்லு உள்ளவன்னு நெனச்சேன்.

— அப்ப சந்தோசந்தானே படணும்? ஏன் மாமா மொகம் இப்புடி இருக்கு?

— நீ கட்சியில கிளைச் செயலாளரு. நாளைக்குக் கூட்டத்துக்கு நாக்காலி போடப்போறவன் நீ.

— கடை ஒன்றியச் செயலாளர் எடத்துல இருக்கு மாமா. வெளிய வந்தா மறுநாளே காலி பண்ணச் சொல்லிருவாரு. புள்ளைங்க இருக்கு. இப்புடியே உள்ள இருப்போம். நான் எழுதுறேன், நீங்க எப்பயும் போல திட்டுங்க. ஒருத்தனுக்கும் சந்தேகம் வராது.

— நேத்து எங்க போனேன்னு நீ இன்னும் கேக்கல.

— எங்க மாமா?

— பெரம்பலூருக்கு. அந்தக் களத்துமேட்டுக்காரன நம்பி, இருவத்தெட்டு வருசத்துக் கட்சிக் கார்டத் திருப்பிக் குடுத்துட்டு வந்துட்டேன். வெலகுற கடுதாசிய ஒங்கடையில அடிக்க மனசு வரல. மாப்ளைக்குத் துரோகம் பண்றமேன்னு மூணு நாளா எனக்குச் சோறு எறங்கலடா.