ஒட்டிப்போன பக்கங்கள்

— கையெழுத்து போட்டு, முத்திரை குத்தி, பல்கலைக்கழகமே குடுத்த சான்றிதழ்டா இது. இத நீட்டினா, "பேப்பரெல்லாம் இப்போ எடுத்துக்கறதில்ல சிஸ்டர், கம்ப்யூட்டர்ல உங்க பேரே இல்ல"ங்கறாங்க. அப்போ பதினாலு வருஷமா அந்த வார்டுல ஊசி போட்டது யாரு, ஆவியா?

— அக்கா, கொஞ்சம் உக்காரு.

— இனிமே உக்காந்துதானே இருக்கப் போறேன். திங்கக்கிழமையிலேருந்து வர வேணாம்னுட்டாங்க. நீ அந்தப் பல்கலைக்கழக ரெக்கார்டு செக்‌ஷன்லதானே குப்பை கொட்டறே? பாக்கச் சொன்னேனே, பாத்தியா?

— பாத்தேன்.

— பாத்தேன்னுட்டு ஏன்டா திருடன் மாதிரி முழிக்கறே? கேக்கறேன்ல?

— அதாவதுக்கா... உன் பேரு மட்டுமில்ல. உங்க வருஷத்துப் பட்டியல் நோட்டுல நூத்திப் பன்னெண்டு, நூத்திப் பதிமூணு, ரெண்டு பக்கமும் கம்ப்யூட்டர்ல இல்ல. பக்கத்துக்கு இருபது பேரு. நாப்பது பேரு காணோம்.

— காணோமா? பக்கத்துக்குக் காலு முளைச்சு நடந்து போச்சா?

— ஒட்டியிருந்திருக்கும். அப்போ பேருக்குப் பக்கத்துல போட்டோ ஒட்டுவாங்கல்ல, அந்தப் பசை. எதிரெதிர்ப் பக்கம் ரெண்டும் ஒட்டிக்கிட்டா, புரட்டறவனுக்கு ஒரே தாள் மாதிரித்தான் தெரியும்.

— சரி, நோட்டை எடுத்து ஒட்டினதைப் பிரி. இதுக்குப் போயி இவ்வளவு இழுக்கறே.

— நோட்டு இல்லக்கா. ஸ்கேன் முடிஞ்சதும் எல்லாத்தையும் அரைச்சுட்டாங்க. அலமாரிகூட இல்ல இப்போ. அந்த ரூமுல வெறும் சுவருதான்.

— அடப்பாவிகளா. எவன்டா அதை ஸ்கேன் பண்ணினது? கண்ணைப் பிடரியில வச்சிருந்தானா?

— நான்தான்.

— என்னது?

— நான்தான்கா. போன வருஷம். சரியா ஞாபகமான்னு எனக்கே சந்தேகம், அதனால டைரியைப் பாத்தேன். இரு, படிக்கறேன். "இன்னைக்கு எடுத்த நோட்டுல முன்னூறு பக்கம். இருநூத்தித் தொண்ணூத்தெட்டுதான் வந்தது. மறுபடி முதல்லேருந்து புரட்டினா சாயங்கால வகுப்பு போயிடும். கடைசி ரெண்டு பக்கத்தை இன்னொரு தடவை வச்சேன். முன்னூறு ஆச்சு. செஞ்சது தப்புன்னு நினைக்கறேன்."

— நினைக்கறியா! துரைக்கு நினைப்பு வேற!

— எண்ணிக்கை சரியா இருந்தா உள்ள யாரும் பாக்க மாட்டாங்கக்கா. அங்க எல்லாருமே அப்படித்தான்...

— ஊரே கிணத்துல விழுந்தா நீயும் விழுவியா? அந்த வகுப்புல உன்னைக் கொண்டுபோய்ச் சேத்தது யாரு? நான். நல்லாருக்குடா. ரொம்ப நல்லாருக்கு.

— திட்டுக்கா. திட்டி முடிச்சிட்டு கேளு. ரெண்டு வழி இருக்கு.

— சொல்லித் தொலை.

— ஒண்ணு. பழைய மதிப்பெண் தாளெல்லாம் மூட்டையா கட்டி பரீட்சைப் பிரிவுக் கிடங்குல கிடக்கு. அதைப் பிரிக்கப் பதிவாளர் உத்தரவு போடணும். உத்தரவு போட, ஸ்கேன் தப்புன்னு யாராவது எழுதிக் குடுக்கணும். நான் எழுதிக் குடுத்தா நாப்பது பேரும் திரும்பி வருவாங்க.

— இன்னொண்ணு?

— செக்‌ஷன் ஆபீசர்கிட்ட சொன்னேன். கதவைச் சாத்திட்டு சொன்னாரு: "உன் அக்காங்கறே. ஒரே ஒரு பேருன்னா எழுத்துப்பிழைத் திருத்தம்னு என் பாஸ்வேர்டுல ஏத்திடறேன். ரெண்டாவது பேரு வந்தா தணிக்கைக்குப் போயிடும். நாளைக்குக் காலையில பதில் சொல்லு." திங்கக்கிழமை நீ வேலைக்குப் போகலாம்.

— என்னை ஏத்திட்டு, அப்புறம் அந்தக் கடிதாசி?

— எழுத முடியாது. விசாரணைன்னு வந்தா, உன் பேரு மட்டும் எப்படி முளைச்சுதுன்னு கேப்பாங்க.

— அப்போ மத்த முப்பத்தொம்பது பேரு நாசமாப் போகட்டும்னு சொல்றாரா உங்க ஆபீசரு? ஏன்டா, என்னை என்னன்னு நினைச்சே? அதுல குள்ளி இருக்காடா! பரீட்சையில எனக்கு முன்னாடி நம்பர் அவ. அவளுக்கும் வேலைக்கு வர வேணாம்னு சொல்லிட்டாங்க. புருஷன் படுத்த படுக்கையா கிடக்கான். தினம் போன் பண்ணி அழறா, "நாம படிச்சது நிஜந்தானேடி"ன்னு கேக்கறா. நிஜந்தான்டின்னு நான் அடிச்சு அடிச்சுச் சொல்றேன்.

— தெரியும்கா.

— அப்புறம் என்ன ரெண்டு வழி? ஒரே வழிதான். எடு பேனாவை. தப்பு பண்ணினவன் ஒத்துக்கணும். இப்பவே எழுது, என் கண்ணு முன்னாடி.

— எழுதறேன். நானும் அதான் நினைச்சேன். நீ சொன்னா தைரியமா எழுதுவேன்னுதான்... "மதிப்பிற்குரிய பதிவாளர் அவர்களுக்கு." சரியா?

— சரி.

— "தங்கள் அலுவலகத்தில் ஒப்பந்தப் பணியாளராக உள்ள நான்..."

— டேய், விசாரணை எவ்வளவு நாள் ஆகும்?

— ஆறு மாசம். ஒரு வருஷம்கூட ஆகலாம்.

— அதுவரைக்கும் என்னைச் சேத்துக்க மாட்டாங்களா?

— மாட்டாங்கக்கா.

— உன் வேலை?

— கடிதாசி குடுத்த அன்னைக்கே போயிடும். "கடந்த ஆண்டு பட்டியல் நோட்டு ஒன்றை..."

— அவ்வளவுதானே? வேலைதானே போகும்?

— தெரியலக்கா. அரைக்கறதுக்கு முன்னாடி "எல்லாப் பக்கமும் சரிபார்த்தேன்"னு கையெழுத்து வாங்கினாங்க. போன வருஷம் வரி ஆபீசுல இப்படித்தான் ஒருத்தன் பொய்யா கையெழுத்து போட்டான், ஜெயில்ல வச்சுட்டாங்க. பரவால்ல. நீ சொன்னதுதான் சரி. "வேண்டுமென்றே" போடணுமா, "கவனக்குறைவால்" போடணுமா?

— இரு. கொஞ்சம் நிறுத்து.

— உன் போன் அடிக்குது. குள்ளி அக்காதான். ஸ்பீக்கர்ல போடறேன், நானே சொல்லிடறேன். நான்தானே...

— கையை எடு. போனைக் குடுடா இங்க.

— இல்லக்கா, அவங்களுக்கு நான்...

— வாயை மூடு... சொல்லுடி குள்ளி. ம். கேட்டேன், கேட்டேன், இப்போ இங்கதான் உக்காந்திருக்கான். அது இவன் செக்‌ஷனே இல்லியாம்டி, இவனுக்கு ஒண்ணும் தெரியாதாம்.