பனை நார் சுற்றிய பிடி

தேத்தண்ணிக்கு நன்றி ஐயா. சீனி கொஞ்சம் கூடிவிட்டது, பரவாயில்லை. ஜெயகௌரி தங்கச்சி மொழிபெயர்க்க வசதியாக நிறுத்தி நிறுத்தியே சொல்கிறேன். நீதிமன்றங்களில் பழகியவர்தான், ஆனாலும் வாளின் பிடியைப் பற்றி இதற்கு முன் மொழிபெயர்த்திருக்க மாட்டார்.

என் பெயர் குகநாதன். சுவிஸுக்கு வந்து, ஓல்டனில் பழைய ஆயுதங்கள் சேர்த்து வைக்கும் அந்தத் தனியார் களஞ்சியத்துக்கு முதலில் நிலம் துடைக்கத்தான் போனேன். ஒன்பது வருடம் துடைத்தேன். 2010இல் தெற்குப் பிலிப்பைன்ஸின் மோரோ மக்களுடைய வாள்கள் ஒரு பெட்டி வந்தது. அந்த வாள்களின் பிடி முனையில் வழக்கமாகக் கொண்டைக்கிளித் தலை இருக்கும். ஒன்றில் மட்டும் வாய் பிளந்த சிங்கம். படித்தவர்கள் மூன்று பேர் வந்து பார்த்தார்கள். எந்த ஊர் வேலை என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. நான் துடைப்பத்தைச் சாத்தி வைத்துவிட்டுக் கிட்டப் போனேன். பிடியில் சுற்றியிருந்த நாரைத் தொட்டுப் பார்த்து, இது பனை நார், இது யாழ்ப்பாணத்துக் கைவேலை என்றேன்.

அவ்வளவுதான். அதுவரை என் பெயரே தெரியாதவர்கள் மரியாதையாக ஹெர் குகநாதன் என்றார்கள். காப்பாளர் வேலை தந்தார்கள். பேர்னில் பூம்ப்ளிஸ் மண்டபத்தில் அந்த வாளின் படத்தைப் பெரிதாக மாட்டி, எங்கள் சனம் எனக்குப் பொன்னாடை போர்த்தியது. எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை.

கிருசிகா பேர்னில் பிறந்த பிள்ளை. பழைய பொருட்களின் நார்களை ஆராய்வதுதான் அவள் படிப்பு. 2017 மார்ச்சில் களஞ்சியத்துக்கு வந்து, அந்தப் பிடியின் ஓர் இழையை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாள். பிறகு வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவதுபோலச் சொன்னாள்.

"குறை நினைக்காதேங்கோ அங்கிள். இது பனையில்லை, வாழைச் சாதி. பிலிப்பைன்ஸில கயிறு திரிக்கிற நார். பிடியும் அங்கத்தைய வேலைதான்."

"பிள்ளை, நான் பனங்கூடலுக்க வளர்ந்தவன்."

"ஓம் அங்கிள். அதாலதான் உங்களுக்கு எல்லாம் பனையாத் தெரிஞ்சிருக்கு."

நக்கலாகச் சொல்லவில்லை. பாசமாகச் சிரித்துக்கொண்டு சொன்னாள், அதுதான் எனக்குச் சுட்டது. வெள்ளிக்கிழமை அறிக்கை கொடுப்பேன், அதுவரை ஒருவருக்கும் சொல்லமாட்டேன் என்றாள். நல்ல பிள்ளை.

களஞ்சியத்தில் ஓர் இரும்பு அறை உண்டு. மரப்பிடிகளைத் தின்னும் புழுவைக் கொல்ல, காற்றை வெளியேற்றி அதில் நைட்ரஜன் நிரப்புவோம். நஞ்சில்லை, மணமில்லை. மூச்சுவிட ஒன்றும் மிஞ்சாது. புதன்கிழமை மத்தியானம் அந்தக் கதவின் உட்பக்கக் கைப்பிடியைக் கழற்றினேன். நாலு திருகாணிதான். பிறகு அவளைக் கூப்பிட்டு, வாள் உள்ளே இருக்கிறது, போய் எடுங்கோ என்றேன். கதவைச் சாத்தி, வால்வைத் திறந்தேன். கொஞ்ச நேரம் தட்டினாள். அங்கிள் என்றும் கூப்பிட்டாள். தட்டல் நின்ற பிறகும் நான் கதவைத் திறக்கவில்லை. கைப்பிடியை மேசை லாச்சியில் வைத்தேன். பழக்கதோஷம், அதற்கும் திகதி எழுதி ஓர் அட்டை கட்டினேன். நீங்கள் எடுத்தது அதைத்தான்.

ஆத்திரத்தில் செய்ததில்லை ஐயா. ஒரு பிள்ளையின் அவசரத்தால் ஒரு சனமே தலைகுனியக் கூடாது என்று நினைத்தேன்.

பனையில்லை என்று எனக்கு உண்மையாகவே தெரியாதா என்று கேட்டீர்கள். அம்மா கோயிலடியில் பூமாலை கட்டி விற்றவர். பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்பார்களே, அந்த நார் வாழை நார். பள்ளிக்கூடம் போகுமுன் தினமும் அதைக் கிழித்துக் கொடுத்தவன் நான். அன்றைக்குப் பிடியைத் தொட்டவுடனேயே விரல் சொல்லிவிட்டது. விரலுக்கு என்ன தெரியும்.

தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நிற்கிற ஆள் இல்லை நான். தங்கச்சி இப்போது வாசித்துக் காட்டிய என் வாக்குமூலத்தில் கதவு சரி, வால்வு சரி, அவள் தட்டியதும் சரி. நாலாம் வரியில் மட்டும் பிழை. வாழை நார் சுற்றிய பிடி என்று எழுதியிருக்கிறீர்கள். பனை என்று திருத்துங்கள், கையெழுத்து வைக்கிறேன்.