கொக்கி மாட்டும் நிமிடம்

லிட்டில் இந்தியா நிலையத்தில் ரயிலேறி எனக்கு எதிரே உட்கார்ந்த பெண், மடியிலிருந்த ஹார்ட் டிஸ்கைக் காட்டி, "இது இன்னும் ஒரே ஒரு தடவதான் ஓடும் அண்ணே. அப்புறம் செத்துடும்" என்றாள். கட்டுமானத்தள பூட்ஸோடு அவளுக்குப் பக்கத்தில் இருந்தவர் அவளைப் பார்க்கவில்லை.

"சைட் கேமரா பதிவு மொத்தமும் இதுலதானே மேடம் இருக்கு?"

"இருக்கு. ஆனா சிக்னல் ரொம்ப வீக் லா. ஒரே இடத்தத் திரும்பத் திரும்பப் படிச்சாதான் படம் தேறும். எல்லாத்தையும் எடுக்கறதுக்குள்ள டிஸ்க் போயிடும். எந்த நிமிஷம் வேணும், உங்க கூட்டாளி விழுந்ததா?"

"அவன் விழுந்து செத்தத எல்லாரும் பாத்தாங்க. மேல ஏறுறதுக்கு முன்னாடி எடுங்க. சேஃப்டி பெல்ட்ல கயித்துக் கொக்கி மாட்டுற நேரம்."

"அவர் மாட்டவே இல்லன்னு கம்பெனி சொல்லுதே?"

போத்தோங் பாசிர் நிலையத்தில் ரயில் கதவு திறந்து மூடியது.

"கொக்கி முதுகுப் பக்கம் மேடம். மாட்டிக்கிறவனுக்குக் கை எட்டாது. ஜோடிக்காரன்தான் மாட்டி, இழுத்துப் பாக்கணும்."

"அவருக்கு யாரு ஜோடி?"

"நான்தான். அன்னைக்கு மாட்டினேனான்னு எவ்வளவு யோசிச்சும் ஞாபகம் வரல."

அவள் டிஸ்கை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். "வேற நிமிஷம் எடுக்கலாம் அண்ணே."

"வேணாம். அதையே எடுங்க."