இரவல் குதிரைக்குட்டி

பெயரும் முகவரியும் மேலே கண்டபடி சரி. வயது எழுபத்து மூன்று. கான்வென்டில் படித்தவள், எதையும் படித்துப் பார்த்தே கையெழுத்திடுவேன். கணவர் இறந்து எட்டு ஆண்டுகள் ஆகின்றன. அவர் வைத்த குதிரைப் பண்ணையை நானும் மகனும் நடத்துகிறோம். ஐந்து பெட்டைகளும் இனப்பெருக்கத்துக்கு ஒரு பொலிகுதிரையும் உள்ளன.

ஆறு ஆண்டுகளாக நட்டம். அதைத் தன் மருந்துக்கடை லாபத்தில் கழித்துக் காட்டி மகன் வரியைக் குறைத்து வந்தான். இது தொழிலா, பொழுதுபோக்கா என்று வரி அலுவலகம் கேட்டது. பொழுதுபோக்கு என்று முடிவானால் கழித்ததற்கெல்லாம் வரி கட்ட வேண்டும். பண்ணையை விற்றாக வேண்டும். இவ்வாண்டுக் குட்டிகளை நேரில் காட்டும்படி கடிதம் வந்தது. ஒரு பெட்டைக்கும் சினை பிடித்திருக்கவில்லை. பொலிகுதிரைக்கு வயதாகிவிட்டது என்று நான் மகனிடம் சொன்னதெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு.

சென்ற செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு லாயத்துக்குப் போனேன். சாம்பல் நிறப் பெட்டையின் அருகே மூன்று வாரக் குட்டி ஒன்று தாயைத் தேடிக் கத்தித் தொண்டை கம்மி நின்றது. குதிரையேற்றப் பள்ளியிலிருந்து கொண்டுவந்ததாக மகன் சொன்னான். பள்ளிக்காரருக்குத் தெரியுமா என்று கேட்டேன். அவன் குட்டியைப் பெட்டையின் பக்கம் தள்ளினான். பெட்டை குட்டியை அண்டவிடாமல் உதைத்தது. அதன் பிறகு மகன் பெட்டையின் மேலுதட்டில் கயிற்றைச் சுற்றிக் கட்டையால் முறுக்கிப் பிடித்தான். அது கண் பிதுங்கி அசையாமல் நின்றது. எங்கள் குதிரைக்காரன் குட்டியை மடிக்குக் கீழே தள்ளினான். மகன் சலவைச் சட்டை போட்டு, சென்ட் பூசியிருந்தான்.

அதன் பிறகு வரி அதிகாரி வந்து, குதிரை லத்தி காலில் படாதபடி வாசலிலேயே நின்று, தாயும் பிள்ளையும் நன்றாக ஒட்டிக்கொண்டிருப்பதாகச் சொல்லி எழுதிக்கொண்டார். பெற்ற பாசம் சும்மாவா சார் என்று மகன் சிரித்தான். குட்டி உங்களுடையதுதானே என்று அதிகாரி என்னைக் கேட்டார்.

"அம்மா, ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அப்பா கட்டின பண்ணைம்மா" என்றான் மகன்.

"உள்ள வந்து மடியைப் பிழிஞ்சு பாருங்க. சொட்டுப் பால் வந்தா ஆமாங்கறேன்" என்று அதிகாரியிடம் சொன்னேன்.

அவர் வரவில்லை. நானே குனிந்து பிழிந்து காட்டினேன். பால் இல்லை. அதன் பிறகு கயிற்றை அவிழ்க்கச் சொன்னேன். பெற்ற பிள்ளையின் சோற்றில் மண்ணைப் போட்டேன் என்று மகன் கத்தினான். நான் குட்டியைப் பள்ளிக்கு நடத்திச் சென்று, அது தாயிடம் குடித்து முடிக்கும்வரை நின்றுவிட்டு வந்தேன்.

குட்டி திருடுபோனதாகப் பள்ளிக்காரர் கொடுத்த புகார் உண்மை. எடுத்தவன் என் மகன். பண்ணையை விற்க நான் சம்மதித்துவிட்டேன்.

எழுதியதைக் கண்ணாடி அணிந்து நானே படித்தேன். அனைத்தும் நடந்தபடியே உள்ளது. 'அறியாமல் செய்தான்' என்று காவல் நிலைய எழுத்தர் தாமாகச் சேர்த்த வாக்கியத்தை அடிக்கச் சொல்லி, அடித்த பிறகே கையெழுத்திட்டேன்.

(கையொப்பம்)