மூன்றாவது பிளேடு

டீ நன்றாக இருக்கிறது சார். இஞ்சிதான் கொஞ்சம் தூக்கல். ஸ்டேஷனில் நீங்கள் எழுதி வைத்திருப்பதில் ஒரு தப்பு இருக்கிறது, அதைத் திருத்தத்தான் வந்தேன். கண்ணையன், அதாவது நான், கவனக்குறைவாக பிளேடு மாட்டியதால் என் தங்கை புருஷன் செத்தான் என்று இருக்கிறதாம். அந்தக் கவனக்குறைவை அடித்துவிடுங்கள்.

இழைப்பு மெஷின் நீங்கள் பார்த்திருப்பீர்கள். இரண்டு மேசைக்கு நடுவில் ஓர் இரும்பு உருளை சுற்றும். அதில் மூன்று பிளேடு. மரத்தை மேலே தள்ளினால் சீவிக்கொண்டே போகும். பிளேடு மழுங்கினால் புதுசு மாட்டவேண்டும். மாட்டுவதை எவனும் செய்வான், மட்டம் பிடிப்பதுதான் வேலை. பின்மேசையில் நேரான ரீப்பர் கட்டை ஒன்றை வைத்து உருளையைக் கையால் சுற்றுவேன். பிளேடு கட்டையைத் தொட்டும் தொடாமலும் துளி இழுத்துவிட்டுப் போகவேண்டும், இரண்டு ஓரத்திலும் ஒரே மாதிரி. பிறகு போல்ட்டுகளை நடுவிலிருந்து ஓரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குவேன். இறுக்கம் இல்லாவிட்டால் சுற்றுகிற வேகத்தில் பிளேடு பிய்த்துக்கொண்டு வந்து எதிரே நிற்பவனை அடிக்கும். கோட்டுச்சேரி வட்டாரத்தில் என்னைப்போல மட்டம் பிடிக்க ஆள் கிடையாது. யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

ஆனந்தராஜ் நல்ல பையன்தான். கோயம்புத்தூரில் ஒரு ஃபேக்டரியில் இருந்துவிட்டு, என் தங்கையைக் கட்டிய பிறகு என் பட்டறையில் சேர்ந்தான். குடி கிடையாது. என்னை ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியதில்லை. ஒன்றே ஒன்றுதான். நான் பிளேடு மாட்டிவிட்டுக் கை கழுவப் போவேன். திரும்பி வந்தால் ஸ்பேனரோடு குனிந்து நிற்பான். ஒவ்வொரு போல்ட்டாகத் திருகிப் பார்ப்பான்.

ஒன்றாவது அசைந்திருக்குமா? ஒருநாளும் இல்லை. அசையாது என்று அவனுக்கும் தெரியும். தெரிந்தும் பார்ப்பான். கதவு நிலை வாங்க வந்தவர்கள் முன்னால் பார்ப்பான். பூவத்திலிருந்து வந்த ஒருவர், "என்ன, மாப்பிள்ளை பரீட்சை வைக்கிறாரா?" என்று கேட்டுச் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. எத்தனை நாளைக்குத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பது, சொல்லுங்கள்.

தங்கை ஷர்மிளாவிடம் சொன்னேன். "அது அவருக்குப் பழக்கம்ண்ணே. ஒன்ன நம்பாம இல்ல. நான் சொல்லி வைக்கிறேன்" என்றாள். சொன்னாளோ இல்லையோ, மறுபடியும் ஸ்பேனர்தான்.

போன வாரம் போலகத்து வீட்டு நிலையை இழைக்கும்போது மரத்துக்குள் ஆணி இருந்து மூன்று பிளேடின் கூரும் உடைந்துவிட்டது. புதுசு மாட்டினேன். முதல் இரண்டையும் எப்போதும்போல இறுக்கினேன். மூன்றாவதுக்கு வரும்போது ஒரு யோசனை. எப்படியும் அவன் பார்க்கத்தானே போகிறான், நான் ஏன் இறுக்கவேண்டும்? மட்டம் மட்டும் பிடித்தேன். போல்ட்டுகளை விரலால் திருகியதோடு விட்டுவிட்டேன்.

ஆனந்தராஜ் வந்தான். ஸ்பேனரை எடுத்தான். என்னைப் பார்த்தான். பிறகு அதைத் திரும்பச் சுவர் ஆணியில் மாட்டிவிட்டான்.

"ஒங்க தங்கச்சி நேத்து செம திட்டு மச்சான். நீங்க மாட்டுனா சரியாத்தான் இருக்கும். இனிமே பாக்க மாட்டேன்" என்றான்.

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்கலாம். "இரு மாப்ள, ஒண்ணு பாக்கி இருக்கு" என்றால் முடிந்தது. நேரம் இருந்தது. மரத்தை எடுத்தான், ஓரம் பார்த்தான், கண்ணாடி மாட்டினான். ஆனால் நான் சொன்னால் என்ன ஆகும்? இத்தனை நாள் அவன் குனிந்து குனிந்து பார்த்ததெல்லாம் நியாயம் என்று ஆகிவிடும். நாளைக்கு மறுபடியும் ஸ்பேனரை எடுப்பான், நான் எதுவும் கேட்க முடியாது. அதை என்னால் தாங்கியிருக்க முடியாது சார்.

மெஷினுக்கு நேராக நின்றுகொண்டிருந்தேன். நகர்ந்து வாசல் பக்கம் போனேன். அவன் சுவிட்சைப் போட்டான்.

சத்தம் மாறியது எனக்குத்தான் முதலில் தெரிந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

எழவு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். "பாவம், கண்ணையனுக்கு வயசாயிடுச்சு, கை தளந்துபோச்சு" என்று காது படப் பேசினார்கள். ஷர்மிளா உங்கள் முன்னால் அழுதாளே, "எங்க அண்ணன் மேல தப்பு இல்லைங்க, உப்புக் காத்துல போல்ட்டு துருப்பிடிச்சிருக்கும், அவருக்குத் தெரியாமப் போச்சு" என்று. என்னைக் காப்பாற்றுகிறாளாம். நான் வாராவாரம் எண்ணெய் போடும் போல்ட் எப்படித் துருப்பிடிக்கும்? புருஷனைப் பறிகொடுத்தவளிடம் சண்டையா போட முடியும்?

அதனால் இப்படி எழுதிக்கொள்ளுங்கள். கண்ணையனுக்கு வேலை தெரியும். தெரிந்துதான் மூன்றாவதை இறுக்காமல் விட்டான். ஆனந்தராஜ் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்த பிறகும் தெரிந்தேதான் சும்மா இருந்தான். கையெழுத்துப் போடுகிறேன்.

மெஷின் இன்னும் உங்கள் காவலில்தானே இருக்கிறது? மற்ற இரண்டு பிளேடும் அப்படியே இருக்கும். அவற்றின் போல்ட்டுகளை யாராவது தெரிந்தவனை விட்டு ஒவ்வொன்றாகத் திருகிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றுகூட அசையாது. ஆனந்தராஜ் இருந்தால் அவனே பார்த்துச் சொல்லியிருப்பான்.